குளிரூட்டியின் மின்பிணியும் அதன் மூலமும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதனை வகுப்பிற் பாடங்கேட்ட காலத்து, நோயைத் துணிதலும் அந்நோயின் முதற்காரணத்தைத் தேடுதலும் வெவ்வேறு தொழில்கள் என்று ஆசிரியர் விளக்கியது எமக்குச் சொற்பொருள் நுட்பமாக மட்டுமே தோன்றிற்று. நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்து கொடுத்தால் ஆயிற்றே, காரணத்தைத் தனியே தேடுவானேன் என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறென்பதை எமக்கு உணர்த்தியது உரைநூலன்று. எம் கல்லூரி நூல்நிலையத்து வாசகசாலையைக் குளிர்விக்கும் யந்திரமே. அதன் பழுதை ஒருவர் ஆராய்ந்த முறையை அருகிருந்து கண்டோம். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னர்ப் பௌதிக சாஸ்திர ஆசிரியரிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தோம். அம்முறையையே இச்சிறு கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதனாற் பயன் யாதெனின், அது முடிவில் தானே விளங்கும்.

நிகழ்ந்தது

எம் வாசகசாலை எண்பதின்மர் அமர்ந்து படித்தற்குரியது. அதற்கு 10 டன் ஆற்றலுள்ள குளிரூட்டி ஒன்று சாளரத்தையடுத்த தாழ்ந்த மேற்றளத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. டன் என்பது ஈண்டு யந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்குதற்கு எத்துணை வெப்பம் வேண்டுமோ, அத்துணை வெப்பத்தை அதே காலத்தில் அறையினின்று அகற்றும் ஆற்றலே ஒரு டன் எனப்படும். அது மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட் ஆகும்.

சென்ற கோடையில், பரீட்சைக்கு இருவாரங்கள் இருக்கையில், யந்திரம் காற்றை வீசிற்றேயன்றிக் குளிரைத் தரவில்லை. மாலைவேளைகளில் நூல்நிலையத்தில் உதவிப்பணி புரியும் மாணாக்கராகிய யாம், எமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம். ஸ்விட்சை நிறுத்தி மீண்டும் போட்டோம். வெளியிலிருந்து ஓர் உறுமல் சில வினாடிகள் கேட்கும், பின் அடங்கிவிடும். அரைமணி நேரங் கழித்து மறுபடியும் போடுவோம்; மறுபடியும் உறுமி அடங்கும். இரண்டு நாட்களில் இருபது முறைக்குக் குறையாமல் இவ்வாறு செய்திருப்போம். இது எத்துணைப் பெரிய தீங்கு என்பதனை யாம் அப்போது அறிந்திலோம்.

மூன்றாம் நாள் பிற்பகல் பழுதுபார்ப்போர் ஒருவர் வந்தார். மூடியைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்து, “கம்ப்ரஸர் எரிந்துவிட்டது, சுருள் அறுந்து கிடக்கிறது” என்றார். புதியது வாங்கிப் பொருத்த ஓரிலட்சம் ரூபாயளவில் ஆகுமென்று எழுதியுங் கொடுத்தார். அத்தொகையை அவ்வாண்டில் நூல்கள் வாங்க ஒதுக்கியிருந்த பணத்தினின்றே எடுத்தல் வேண்டும். நூல்நிலையத் தலைவர் முகம் வாடிற்று. மாணாக்கர் பலர் மாதக்கணக்காகக் கேட்டுவந்த நூல்களின் பட்டியல் அவர் மேசைமீது கிடந்தது. அதனை எழுதியதும் எம் கையே. இறுதி முடிவு செய்யுமுன் மற்றொருவரையுங் கேட்போமென்று அவர் கருதியதனால், அன்று மாலையே முதியவரொருவர் வந்தார்.

அம்முதியவர் கம்ப்ரஸரின் அருகே புறங்கையைக் கொண்டுசென்று வெம்மையை உணர்ந்தார். மீட்டரைப் பையினின்று எடுக்கவேயில்லை. யந்திரத்துக்குரிய மெயின் ஸ்விட்சை நிறுத்திப் பூட்டிச் சாவியைத் தம் பையிலிட்டுக்கொண்டார். “ஐயா, இப்போதே சோதித்துப் பார்த்துவிடலாகாதோ?” என்று கேட்டோம். “சூடாயிருக்கிற கம்ப்ரஸர் உண்மை சொல்லாது தம்பி. ராத்திரி ஆறட்டும், காலையில் கேட்போம்” என்று சொல்லிப் போய்விட்டார்.

யந்திரத்தின் உறுப்புக்கள்

மறுநாள் நிகழ்ந்ததனைக் கூறுமுன், இவ்யந்திரத்தின் உறுப்புக்களைச் சுருங்கச் சொல்லுதல் இன்றியமையாதது. அறையினுள் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே அடக்கும் யந்திரத்தை வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கர் 1902ஆம் ஆண்டில் வகுத்தார். அது மனிதர் சுகத்திற்கென வகுக்கப்பட்டதன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சுக்கூடமொன்றில் காற்றின் ஈரத்தாற் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேலொன்று பொருந்தாமற் போனதைத் தடுத்தற்கென வகுக்கப்பட்டது. காகிதத்தைக் காக்கப் பிறந்த யந்திரம் நூல்நிலையத்தைக் காப்பது பொருத்தமே.

இதன் மின்வேலை இரு பகுதியாய் நிற்கும். ஒன்று ஆற்றற் சுற்று. மற்றொன்று ஆணைச் சுற்று. ஆற்றற் சுற்றில் மும்முனை மின்சாரம், அதாவது மூன்று பேஸ்களில் வரும் மின்சாரம், ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்குமிடையே ஏறத்தாழ 400 முதல் 415 வோல்ட் அழுத்தத்துடன் வந்து, கம்ப்ரஸரையும் விசிறி மோட்டார்களையும் சுழற்றுகிறது. ஆணைச் சுற்றோ மிகச் சிறியது. எம் யந்திரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் அதற்கு 24 வோல்ட் அழுத்தத்தையே தருகிறது. அறையில் வெப்பம் மிகும்போது தெர்மோஸ்டாட் இச்சுற்றை மூடும். அம்மின்னோட்டம் காவல் ஸ்விட்சுகளைக் கடந்து, ‘கான்டாக்டர்’ என்னும் கருவியின் சுருளை அடையும். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்க, அதனோடு பிணைந்த மூன்று தொடுதகடுகளும் ஒருங்கே அழுந்தி, மூன்று பேஸ்களையும் கம்ப்ரஸருக்கு விடும். தொழிலாளர் இத்தொடுதகடுகளைப் ‘பாயிண்ட்’ என்று வழங்குவர். ஆகவே, 24 வோல்ட் ஆணையிட, 415 வோல்ட் ஏவல் செய்கிறது. அமைச்சன் சொல் தளர்ந்தால் படை சிதறுவதுபோல, ஆணைச் சுற்றிற் சிறு தளர்ச்சி நேரின் ஆற்றற் சுற்றிற் பெருங்கேடு விளையும் என்பதனை இங்கேயே மனத்திற் கொள்க.

காவல் ஸ்விட்சுகள் பல உள. குழாயினுள் வாயுவின் அழுத்தம் அளவு மீறினால் திறப்பது ஒன்று. அளவிற் குறைந்தால் திறப்பது ஒன்று. கம்ப்ரஸரின் உள்ளேயே, சுருள் மிகச் சூடேறினால் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும் காவலும் ஒன்றுண்டு. வெளியே, மூன்று பேஸ்களில் ஒன்று வாராதொழியினும் வரிசை மாறினும் யந்திரத்தை ஓடவிடாது தடுக்கும் ரிலே ஒன்றும் உண்டு.

சொல்லைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் ஈண்டுக் கூறுவோம். நம் ஊர்களில் விசிறி மோட்டாருக்குப் பொருத்தப்படும் கேப்பாசிட்டரையும் ‘கண்டென்ஸர்’ என்றே பலரும் சொல்லுவர். குளிரூட்டியிலோ, வெப்பத்தை வெளிக்காற்றில் விடுகின்ற குழாய்த்தொகுதிக்கே கண்டென்ஸர் என்பது பெயர். “கண்டென்ஸர் போயிற்று” என்று ஒருவர் சொன்னால், எந்தக் கண்டென்ஸர் என்று கேட்டறிதல் வேண்டும். முன்னதன் விலை சில நூறு ரூபாய், பின்னதோ பல்லாயிரம். சொல் மயங்கிற் பொருளும் மயங்கும்.

முதலாவது உயிர்க்காப்பு

மறுநாட் காலை முதியவர் செய்த முதற்செயல் பழுதைத் தேடுதலன்று, தம்முயிரைக் காத்துக்கொள்ளுதலேயாம். பூட்டிய மெயின் ஸ்விட்சு பூட்டியபடியே உள்ளதா என்று நோக்கினார். பின் மீட்டரை, மின்சாரம் உள்ளதென்று ஐயமற அறிந்த பிறிதோரிடத்தில் வைத்து, அது சரிவரக் காட்டுகின்றது என்று கண்டார். அதன்பின் யந்திரத்தின் மூன்று பேஸ்களிலும் மாற்றி மாற்றி வைத்து, மின்சாரம் இல்லையெனக் கண்டார். அம்மட்டிலும் அமையாது, மீண்டும் முன்னைய இடத்துக்கே சென்று மீட்டர் இன்னும் வேலை செய்கின்றதா என்று மூன்றாம் முறை பார்த்தார். மீட்டர் கெட்டிருந்தாலும் ‘மின்சாரம் இல்லை’ என்றே காட்டும் அன்றோ? அச்சொல்லை நம்பிக் கைவைத்தவர் உயிர்பிழைத்தல் அரிது. சட்டைப்பையிற் செருகும் சிறு டெஸ்டரை அவர் இதற்குப் பயன்படுத்தவில்லை. அதிலுள்ள விளக்கு, அருகிலோடும் கம்பியினின்று கசிந்த பொய்யழுத்தத்துக்கும் மினுங்கும். அழுத்தம் எவ்வளவென்பதனையும் அது கூறாது.

விசிறி மோட்டாரின் கேப்பாசிட்டரையும், தொடுமுன், தடைக்கம்பியொன்றின் வாயிலாக மின்னிறக்கம் செய்தார். மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்னும் கேப்பாசிட்டர் மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறிபறக்கச் செய்யும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கைக்குங் கேடு, கருவிக்குங் கேடு. பயிற்சி இல்லாதார் இவ்யந்திரத்தின் மூடியைத் திறத்தலே ஆகாதென்பதையும் ஈண்டு வற்புறுத்துகின்றோம். யாம் தொலைவில் நின்று விளக்குப் பிடித்தோம், அளவுகளை எழுதினோம், அவ்வளவே.

கம்ப்ரஸரின் சாட்சியம்

இனி, எரிந்துவிட்டதென்று தீர்ப்புப் பெற்ற கம்ப்ரஸரைப் பார்ப்போம். அதன் மூன்று கம்பிகளையுங் கழற்றி, இரண்டிரண்டாகத் தடையை அளந்தார் முதியவர். மூன்றிணைகளிலும் 1.2 ஓம் என்றே மீட்டர் காட்டிற்று. மும்முனை மோட்டாரின் மூன்று சுருள்களும் ஒத்திருத்தல் வேண்டும், அவை ஒத்திருந்தன. பின் மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் செலுத்திச் சுருளுக்கும் இரும்புக்கூட்டுக்கும் இடையேயுள்ள காப்புத் தடையைச் சோதித்தார். 100 மெகாஓமுக்கு மேலிருந்தது. இத்தடை ஒரு மெகாஓமுக்குங் குறையின் ஐயுறல் வேண்டும். இங்கே ஐயத்துக்கு இடமேயில்லை. கம்ப்ரஸர் நலமாயிருந்தது!

அங்ஙனமாயின் முன்வந்தவர் கண்டது பொய்யோ? பொய்யன்று. அவர் வந்தது பிற்பகல். அதற்குச் சற்றுமுன் வரை யாம் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தோம். கம்ப்ரஸர் கொதித்திருந்தது. ஆகவே உட்காவல் திறந்துகொண்டது. அது திறந்திருக்கும்போது அளந்தால், சுருள் அறுந்ததுபோலவே மூன்றிணைகளிலும் மீட்டர் முடிவிலாத் தடையைக் காட்டும். காவலன் கதவை அடைத்திருக்கிறான் என்பதனை, வீட்டில் ஆளில்லை என்று அவர் கொண்டுவிட்டார். இவ்வுட்காவல் தானே மூடிக்கொள்ளச் சிலபோது பல மணி நேரம் செல்லும். முதியவர் ஓரிரவு காத்திருந்ததன் நுட்பம் இதுவே.

ஒற்றைப் பேஸில் ஓடும் சிறிய கம்ப்ரஸரில் இம்மயக்கத்தைத் தெளிதற்கு எளிய வழியொன்றுண்டு. அதில் பொது, ஓட்டம், தொடக்கம் என மூன்று இணைப்புக்கள் உள. ஓட்டத்திற்கும் தொடக்கத்திற்கும் இடையேயுள்ள தடை, பொதுவினின்று அவ்விரண்டிற்கும் உள்ள தடைகளின் கூட்டுத்தொகையாதல் வேண்டும். பொதுவினின்று இரண்டிற்கும் தொடர்பு அற்று, ஓட்டத்திற்கும் தொடக்கத்திற்கும் மட்டும் தொடர்பு இருக்குமாயின், உட்காவல் திறந்திருக்கக்கூடும்; ஆறவிட்டு மீண்டும் அளத்தல் வேண்டும்.

இன்மையைத் தேடும் முறை

கம்ப்ரஸர் நலமெனின், அது சூடேறியது ஏன்? முதியவர் கம்ப்ரஸரின் கம்பிகளைக் கழற்றியபடியே வைத்து, அவற்றின் முனைகளைக் காப்பிட்டுக் கட்டி, மெயின் ஸ்விட்சைப் போட்டார். முதலில் வாயிலில் வரும் மின்சாரத்தை அளந்தார். மூன்றிணைகளிலும் முறையே 413, 411, 409 வோல்ட் இருந்தன. சராசரி 411, அதனின்று மிக விலகியது 2 வோல்ட், ஆகவே சமனின்மை அரை விழுக்காடே. இஃது அற்பமெனத் தள்ளத்தக்கது. ஆனால் 415, 405, 398 என்று இருந்திருப்பின், சராசரி 406, விலக்கம் 9, சமனின்மை 2.2 விழுக்காடாகும். கம்ப்ரஸர்களுக்கு 2 விழுக்காடே எல்லையென்று பெரும்பாலும் கொள்வர். சமனின்மையின் வர்க்கத்தை இரட்டித்தால் வரும் விழுக்காட்டளவு சுருளின் வெப்பம் மிகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. அதன்படி 2.2 விழுக்காட்டுச் சமனின்மைக்கு வெப்பம் ஏறக்குறைய 10 விழுக்காடு மிகும். சில வோல்ட் வேறுபாடுதானே என்று இகழ்தல் கூடாமை இதனால் அறிக.

வாயில் நலமாயிருந்ததனால், தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்திக் குளிர் வேண்டுமென ஆணையிட்டார். உடனே கான்டாக்டர் ‘டகடகடக’வென நடுங்கிற்று. அவ்வொலியைக் கேட்டதும் எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. சாளரத்தருகே அமர்ந்து படிக்கையில் மூன்று நான்கு வாரங்களாக அவ்வோசையைக் கேட்டிருக்கின்றோம். காற்றில் ஏதோ தகரம் ஆடுகிறதென்று எண்ணி வாளாவிருந்தோம்.

சுருளின் இருமுனைகளிலும் அழுத்தத்தை அளந்தார், 17 வோல்ட். டிரான்ஸ்பார்மரின் வாயில் அளந்தார், 24 வோல்ட். இத்தகைய கான்டாக்டர்கள் உறுதியாய் இழுத்துப்பிடிக்கத் தமக்குரிய அழுத்தத்தில் 85 விழுக்காடேனும் வேண்டுமென்பது பொதுவான வரையறை. 24க்கு அது 20.4 ஆகும். 17 வோல்ட் இழுக்கவும் போதாது, விடவும் மனமில்லாதது. ஆகவே நடுங்குகின்றது. குறைந்த அழுத்தம் வழியில் எங்கே போயிற்று?

இங்கேதான் இக்கலையின் உயிர்நிலை உளது. ஸ்விட்சு ஒன்று மூடியிருந்து மின்னோட்டம் தடையின்றிச் செல்லுமாயின், அதன் இருபுறமும் மீட்டரை வைத்தால் அழுத்தம் சுழியாய் நிற்கும். அதுவே திறந்திருந்தால், சுற்றின் பிற பகுதிகள் தொடர்பற்றிராதவிடத்து, முழு அழுத்தமும் அதன் இருபுறமும் நிற்கும். ஓட்டமற்ற இடத்திலே அழுத்தம் தேங்கும் என்பது கருத்து. பாதி கெட்ட இணைப்பாயின், அழுத்தத்தின் ஒரு பகுதி அங்கே தங்கிவிடும். ஓட்டமும் தடையும் அழுத்தமும் தம்முள் இயைந்த விதத்தை ஜெர்மானியராகிய ஓம் என்பார் 1827இல் வெளியிட்டார். ஒரு சுற்றில் அழுத்தங்கள் பங்கிடப்படும் முறையைக் கிர்க்காப் என்பார் 1845இல் விதியாக்கினார். மேற்றளத்தில் முதியவர் செய்ததெல்லாம் இவ்விருவர் விதிகளையும் வழிநெடுகப் பிரயோகித்ததேயாம்.

மிகையழுத்தக் காவல் ஸ்விட்சின் இருபுறமும் வைத்தார், சுழி. குறையழுத்தக் காவல் ஸ்விட்சின் இருபுறமும் வைத்தார், சுழி. தெர்மோஸ்டாட்டினின்று வரும் கம்பி வந்து சேரும் திருகின் இருபுறமும் வைத்தார், 9 வோல்ட்! அங்கே கள்வன் அகப்பட்டான். ஒன்பதும் பதினேழும் கூடினால் இருபத்தாறாகின்றதே, வந்தது இருபத்துநான்கன்றோ என்று யாம் வினவினோம். மாறுதிசை மின்னோட்டத்தில் சுருளின் அழுத்தமும் தடையின் அழுத்தமும் ஒரே கணத்தில் உச்சமடையா. ஆகவே அவற்றை நேரே கூட்டலாகாது என்று பௌதிக ஆசிரியர் பின்னர் விளக்கினார்.

மின்சாரத்தை நிறுத்தி அத்திருகைத் தொட்டபோது விரலாலேயே சுழன்றது. அதனடியிலிருந்த செப்புக்கம்பி கறுத்திருந்தது. முதியவர் கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய முனையைச் செருகி இறுக முடுக்கினார். மீண்டும் மின்சாரம் விட, சுருளில் 24 வோல்ட் வந்தது. கான்டாக்டர் ஒரே அடியில் ‘டக்’கென்று பிடித்து அசையாது நின்றது.

ஒன்றைக் கண்டு நில்லாமை

யாமாயின் இம்மட்டில் மகிழ்ந்து கம்ப்ரஸரை இணைத்திருப்போம். முதியவரோ, கான்டாக்டரின் மறுபுறத்தில், கம்ப்ரஸருக்குச் செல்லும் மூன்று முனைகளையும் அளந்தார். முதலிரண்டு பேஸ்களுக்கிடையே 413 வோல்ட் இருந்தது. மூன்றாவதனோடு சேர்த்து அளக்கையில் நிலையற்ற சிற்றெண்கள் தோன்றி மறைந்தன. சோதனை விளக்கை இணைத்தபோது அது எரியவேயில்லை. மூன்றாம் தொடுதகடு கருகி அழிந்திருந்தது.

இப்போது நோயின் வரலாறு முற்றும் விளங்கிற்று. திருகு தளர்ந்தது, தளரவே அதில் தடை மிகுந்தது, ஆணையழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறையவே கான்டாக்டர் நடுங்கிற்று, நடுங்குந்தோறும் தொடுதகடுகளிற் பொறிபறந்து அவை அரிக்கப்பட்டன, ஒன்று கருகிற்று. கருகவே கம்ப்ரஸருக்கு இரு பேஸ்களே சென்றன. மும்முனை மோட்டார் இரு பேஸ்களாற் சுழலத் தொடங்க இயலாது. அது நின்ற இடத்திலே உறுமி, மிகுந்த மின்னோட்டத்தைக் குடித்துச் சூடேறும். உட்காவல் திறந்து அதனைக் காத்தது. காவல் மூடுந்தோறும் யாம் மீண்டும் மீண்டும் அதனைத் தீயிலிட்டோம். வாயிலிலுள்ள பேஸ் காக்கும் ரிலே இதனைத் தடுத்திலதே எனின், அது நிற்பது கான்டாக்டருக்கு முன்னால். மூன்று பேஸ்களும் அதனிடம் செவ்வனே வந்துகொண்டிருந்தன. தனக்குப் பின்னால் நிகழும் களவைக் காவலன் காணான்.

கான்டாக்டரை மட்டும் மாற்றியிருந்தால், தளர்ந்த திருகு புதிய கான்டாக்டரையும் சில வாரங்களில் தின்றிருக்கும். திருகை மட்டும் முடுக்கியிருந்தால், கம்ப்ரஸர் இரு பேஸ்களில் வெந்திருக்கும். புதிய கம்ப்ரஸரையே வாங்கியிருந்தாலோ, ஓரிலட்சம் ரூபாய்ப் பொருள் வந்த நாளிலேயே உறுமி அடங்கியிருக்கும். நோயை அறிதல் வேறு, நோயின் முதலை அறிதல் வேறு என்று வகுத்த முன்னோர் நுட்பம் அன்று அம்மேற்றளத்தில் எமக்கு விளங்கிற்று.

அன்று மாலை சில ஆயிரம் ரூபாய் விலையில் புதிய கான்டாக்டர் பொருத்தப்பட்டது. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியபின், கிளாம்ப் மீட்டரால் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தை அளந்தார் முதியவர்: 17.8, 18.1, 18.0 ஆம்பியர். யந்திரத்தின் பெயர்த்தகட்டிற் குறித்த 20 ஆம்பியருக்கு உட்பட்டும், தம்முள் ஒத்தும் அவை இருந்தன. அதன்பின்னரே மூடியை மூடினார்.

மேலுஞ் சில குறிப்புக்கள்

மூடுமுன் அவர் சொல்லிய சிலவற்றையும் கற்பார் பயன்கருதித் தொகுத்துரைப்போம்.

கேப்பாசிட்டரை ஓடும் யந்திரத்திலேயே கணிக்கலாம். அதன்வழிச் செல்லும் ஆம்பியரை 3183 ஆற் பெருக்கி, அதன் இருமுனைகளிலும் உள்ள வோல்ட்டால் வகுத்தால், 50 சுழற்சியுள்ள நம் மின்சாரத்தில், மைக்ரோபாரட் அளவு கிடைக்கும். அது மேலே அச்சிட்ட அளவினின்று ஐந்தாறு விழுக்காட்டுக்கு மேற் குறைந்திருப்பின் மாற்றுக. மேற்புறம் உப்பியிருப்பின் அளக்கவும் வேண்டா.

பியூஸ் எரிந்தால், எரிந்ததென்பது செய்தியே, காரணமன்று. பெரிய பியூஸை இடுதல் செய்தி கொண்டுவந்தவனைக் கொல்லுதலை ஒக்கும். எம்.சி.பி. விழுந்தால் காரணங் காணாது மீண்டும் மீண்டும் ஏற்றுதலும் அத்தகையதே.

குறையழுத்தக் காவல் திறந்திருக்கக் கண்டால், அதனைக் கம்பியாற் குறுக்கே பிணைத்து யந்திரத்தை ஓட்டிவிட்டுப் போகலாகாது. வாயு கசிந்து குறைந்ததனால் அது முறைப்படி திறந்திருக்கலாம். அங்கே நோய் மின்சாரத்தில் இல்லை, குழாயில் உளது. காவலனை ஊமையாக்கினால் வீடு காக்கப்படாது.

எறும்பும் பல்லியும் கான்டாக்டரினுள் வெம்மையை நாடிப் புகுந்து, தொடுதகடுகளினிடையே நசுங்கி, அவை பொருந்தாமற் செய்தலும் நம் நாட்டில் உண்டு. ஆகவே மீட்டரினும் முற்பட்ட கருவிகள் கண்ணும் மூக்கும் செவியுமே. கறுத்த திருகும், கருகல் நாற்றமும், நடுங்கும் ஓசையும் பழுது முற்றுமுன்பே பேசுகின்றன. கேட்பார் இல்லாமையே குறை.

முடிவுரை

தமிழ் மாணாக்கர்க்கு இதனால் யாது பயன் என்று தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்போது விடை கூறுவோம். ஏட்டுப் பிரதியிற் பொருந்தாத பாடமொன்றைக் கண்டால், அச்சொல்லையே குற்றஞ்சாட்டித் திருத்திவிடுதல் எளிது. எழுதினோன் எங்கே வழுவினான், எந்த எழுத்து எதுவாக மயங்கிற்று, முன் வரியிலேயே வழு தொடங்கிற்றோ என்று பின்னோக்கிச் செல்லுதலே அரிது. முதலில் வந்தவர் கல்லாதவரல்லர். மீட்டர் காட்டியதனையே உரைத்தார். ஆயினும் எந்த நிலையில் அளந்தோம் என்று தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. யாமும் ஓசையைக் கேட்டும் கேளாதிருந்தோம். அறியாமற் செய்த வைத்தியத்தால் நலமான உறுப்பை அழிக்க முற்பட்டோம். பிறர் குற்றத்தை எழுதுகையில் எம் குற்றத்தையும் எழுதாதுவிடல் நேர்மையன்று.

அவ்வாண்டுப் பட்டியலிற் கண்ட நூல்கள் ஜூலை மாதத்தில் வந்து சேர்ந்தன. அவற்றிற்கு எண்ணிட்டு அலமாரியில் அடுக்கும் பணி எமக்கே கிடைத்தது. இப்போதும் மாலையில் யந்திரம் ஓடத் தொடங்கும்போது, சாளரத்துக்கப்பாலிருந்து ‘டக்’கென்னும் அவ்வோரோசை கேட்கின்றதா என்று, படிக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஒரு கணம் செவிசாய்க்கின்றோம்.